ஆற்றோடு மூன்று நாள்: நெல்லைக்கு வரும் நண்பருக்கு ஊர் காட்டுவது

"திருநெல்வேலிக்கு வாரேன், மூணு நாள் இருப்பேன்" என்று வெளியூர் நண்பர் போனில் சொன்னதும் நாம் ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பிக்கிறோம். நெல்லையப்பர் கோயில், கிருஷ்ணாபுரம், நவதிருப்பதி ஒன்பதும், திருச்செந்தூர், பாபநாசம், குற்றாலம், முடிந்தால் கன்னியாகுமரி. தாள் நிறைந்துவிடும். பிறகு ஒரு காரைப் பேசி, காலை ஐந்து மணிக்கு நண்பரை எழுப்பி, இரவு பத்து மணிக்கு இறக்கிவிடுவோம்.

நானும் அப்படிச் செய்தவன்தான். என்னோடு கல்லூரியில் படித்த ஒருவன் பல வருடம் கழித்து ஊருக்கு வந்தான். நவதிருப்பதி ஒன்பதையும் ஒரே நாளில் காட்டிவிடலாம் என்று அழைத்துப்போனேன். ஐந்தாவது கோயிலுக்குப் போய்ச் சேரும்போது உச்சிப்பொழுதாகி நடை சாத்தியிருந்தார்கள். வெயில் சாயும்வரை திறக்கமாட்டார்கள். அவன் காரிலேயே தூங்கிப்போனான். எழுந்ததும் பக்கத்தில் ஓடிய வாய்க்காலைப் பார்த்து, "இதுல குளிக்கலாமா?" என்று கேட்டான். ஒரு மணி நேரம் கழுத்தளவுத் தண்ணீரில் கிடந்தான். இன்றைக்கும் பேசும்போது அவன் கேட்பது அந்த வாய்க்காலைப் பற்றித்தான். எந்தக் கோயிலில் பெருமாள் நின்ற கோலம், எதில் கிடந்த கோலம் என்பதெல்லாம் அவனுக்கு நினைவில்லை. அந்த நாளைக்குப் பிறகுதான் ஊர் காட்டுகிற முறையை மாற்றிக்கொண்டேன்.

நெல்லைக்கு வருகிறவருக்கு முதலில் காட்ட வேண்டியது தாமிரபரணியை. மற்ற எல்லாவற்றையும் அந்த ஆற்றின் வழியாகத்தான் காட்ட வேண்டும். பொதிகை மலையில் பிறந்து புன்னக்காயலில் கடலில் கலக்கிற வரை ஏறக்குறைய 128 கிலோமீட்டர்தான் இதன் ஓட்டம். பிறப்பதும் முடிவதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே, பழைய ஒன்றுபட்ட திருநெல்வேலிச் சீமைக்குள்ளேயே. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இதற்குத் தண்ணீர் தருகின்றன. ஊரின் நெல், வாழை, பத்தமடைப் பாய்க்கான கோரை, கரையோரக் கோயில்கள், மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய இடுகாடு எல்லாம் இந்தத் தண்ணீரை ஒட்டியே இருக்கின்றன. ஆற்றைப் பிடித்துக்கொண்டால் மூன்று நாளும் தானாக ஒழுங்குக்கு வந்துவிடும்: ஒரு நாள் ஊருக்குள், ஒரு நாள் ஆறு போகிற திசையில், ஒரு நாள் ஆறு வருகிற திசையில்.

வருவதற்கு முன்பு

நண்பரிடம் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். படி ஏறவும் வெயிலில் நடக்கவும் உடம்பு தாங்குமா? தண்ணீரில் இறங்கப் பிடிக்குமா? கூட வருகிறவர்களில் வயதானவர், குழந்தை உண்டா? என்னென்ன இடம் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் அவரும் ஒரு தாளை எடுத்துவிடுவார்.

மாதம் முக்கியம். சித்திரை, வைகாசியில் வெயில் கொளுத்தும். அப்போது வருகிறவருக்குக் காலை பத்து மணிக்கு மேல் வெளிவேலை வைக்காதீர்கள். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் மழை. தை முதல் பங்குனி வரை கூந்தன்குளத்தில் பறவைகள். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு திருநெல்வேலி உண்டு. அவர் எந்த மாதத்தில் வருகிறாரோ அந்தத் திருநெல்வேலியைக் காட்டினால் போதும்.

சென்னையிலிருந்து வருகிறவரை இரவு ரயிலில் வரச்சொல்லுங்கள். விடிந்ததும் ஜங்ஷனில் இறங்கினால் ஒரு முழு நாள் கையில் இருக்கும். பஸ்ஸில் வருகிறவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. இங்கே புது பஸ் ஸ்டாண்ட் என்பது வேய்ந்தான்குளத்தில் இருக்கிறது. ஜங்ஷனில் இருப்பது வேறு. பாளை பஸ் ஸ்டாண்ட் மூன்றாவது. "திருநெல்வேலியில் இறங்கிட்டேன்" என்று மட்டும் சொன்னால் அவரைத் தேடி மூன்று இடத்துக்கு ஓட வேண்டியிருக்கும்.

முதல் நாள்: ஊருக்குள்

காலை முதல் வேலையாகக் குறுக்குத்துறைக்குப் போங்கள். ஆற்றுக்குள்ளேயே பாறைமேல் இருக்கிற முருகன் கோயில். இந்தப் பாறைக்குத் திருவுருமாமலை என்று பெயர். திருச்செந்தூர் முருகன் சிலைக்கான கல் இங்கிருந்துதான் போனது என்பது ஊர் நம்பிக்கை. வெள்ளம் வரும்போது கோயில் முழுகும். அதற்கு முன்பே உற்சவரைக் கரையில் இருக்கிற மேலக்கோயிலுக்கு எடுத்துப்போய்விடுவார்கள். தண்ணீர் வடிந்ததும் மணலை அள்ளிக் கழுவி, திரும்பப் பூஜை தொடங்கும். 2023 டிசம்பரில் வந்த பெருவெள்ளத்திலும் கட்டடம் நின்றது. வெள்ளம் வருகிற பக்கத்துச் சுவரைச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அது தட்டையாக இல்லை. படகின் முனைபோலக் கூர்ந்து தண்ணீரை இரண்டாகப் பிரித்து விடுகிறது. வெள்ளத்தோடு சேர்ந்து வாழ வேண்டும் என்று தெரிந்து கட்டிய கைகள் அவை. கோபுரம், சிற்பம் எதையும் விட இந்தச் சுவரைத்தான் நான் முதலில் காட்டுவேன்.

குளிக்கலாமா என்று நண்பர் கேட்பார். இங்கே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஊருக்குள் பல இடங்களில் சாக்கடை ஆற்றில் கலக்கிறது. அதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. ஆனாலும் விருந்தாளியிடம் மறைப்பது முறையல்ல. நகருக்குள் கால் நனைப்பதோடு நிறுத்தி, குளியலை மூன்றாம் நாள் மேற்கே வைத்துக்கொள்ளுங்கள்.

குறுக்குத்துறையிலிருந்து ஜங்ஷன் பக்கம் வந்து, சுலோசன முதலியார் பாலத்தில் நடந்தே போங்கள். வண்டியில் கடந்தால் அது ஒரு பாலம், அவ்வளவுதான். நடந்தால் அதன் கதையைச் சொல்ல நேரம் கிடைக்கும். படகை விட்டால் இந்த ஆற்றைக் கடக்க வழியில்லாத காலத்தில், ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்தவர் சுலோசன முதலியார். பொதுமக்களிடம் நன்கொடை வசூலாகவில்லை என்றதும் சொந்தப் பணத்தைப் போட்டுப் பாலத்தைக் கட்டி முடித்தார். 1843-இல் திறந்தார்கள். அவர் மனைவி நகைகளைக் கழற்றிக் கொடுத்ததாக இன்றும் ஊரில் சொல்வார்கள். பதினொரு கண் உள்ள பாலம். பக்கத்தில் புதுப் பாலம் வந்த பிறகும் பழையது உழைத்துக்கொண்டிருக்கிறது.

அதே பாலத்தில் நின்று இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காகக் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமாக வந்தவர்கள்மீது போலீஸ் தடியடி நடந்தது. ஆற்றுக்குள் இறங்கி ஓடியவர்களில் 17 பேர் இறந்தார்கள். அதில் ஒரு குழந்தையும் உண்டு. விருந்தாளியிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். ஆற்றைக் காட்டுகிறோம் என்றால் அதில் நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

பாலம் தாண்டினால் வண்ணார்பேட்டை. நண்பர் தமிழ் படிக்கிறவர் என்றால் புதுமைப்பித்தன் வளர்ந்த பகுதி இது, டி.கே.சி. தன் வீட்டு முற்றத்தில் வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டம் நடத்திய பகுதி இது என்று சொன்னால் அவர் நடையே மாறிவிடும். அடுத்து பாளையங்கோட்டை. பள்ளிக்கூடங்களின் ஊர், பார்வையற்றவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் தனித்தனியாகப் பள்ளி தொடங்கி நூறு வருடம் தாண்டிவிட்டது. 1785-இல் எழுந்த கிளாரிந்தா ஆலயத்தையும், 1826-இல் எழுந்த, ஊசிக்கோபுரம் என்று ஊரில் சொல்கிற ஆலயத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். அரை மணி நேரம் போதும், வெயில் ஏறியிருக்கும்.

மதியச் சாப்பாட்டை ஓட்டலில் வைக்காதீர்கள். வீட்டில் சொதி வைக்கச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மறுவீட்டுக்கு வைக்கிற குழம்பு இது. ஒரு தேங்காயிலிருந்து மூன்று பால் எடுக்க வேண்டும். மூன்றாம் பாலில் காய்கள் வேகும்: முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ். வெந்த பாசிப்பருப்பு சேரும். இரண்டாம் பால் சேரும். கெட்டியான முதல் பாலை இறக்குகிற சமயத்தில்தான் ஊற்றுவார்கள்; கொதித்தால் திரிந்துவிடும். ஆறிய பிறகு எலுமிச்சம்பழம். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி கண்டிப்பாக இருக்க வேண்டும். அத்தனை தேங்காய்ப்பாலைச் செரிக்க வைப்பது அந்த இஞ்சிதான். கூடவே உருளைக்கிழங்கு சிப்ஸ். எங்கள் ஆச்சி, விருந்தாளி இரண்டாம் முறை சோறு கேட்கும்வரை சொதிப் பாத்திரத்தை அடுக்களைக்குள் கொண்டுபோக விடமாட்டாள். அசைவம் சாப்பிடுகிறவர் என்றாலும் முதல் மதியம் சொதியாகவே இருக்கட்டும். பரோட்டா சால்னாவுக்கு ராத்திரி இருக்கிறது.

சாப்பிட்ட பிறகு அவரைத் தூங்க விடுங்கள். நான்கு மணிக்கு எழுப்பினால் போதும்.

நாலரைக்கு டவுண். நான்கு ரத வீதிகளில் ஒன்றிலாவது நடந்துவிட்டு நெல்லையப்பர் கோயிலுக்குள் நுழையுங்கள். பெரிய கோயில், எல்லாவற்றையும் காட்ட முயலாதீர்கள். நான்கு இடம் போதும். முதலில் வாசலை அடுத்த பெரிய சுதை நந்தி. அடுத்து மணிமண்டபத்து இசைத்தூண்கள். ஒரே கல்லில் ஒரு பெரிய தூணையும் அதைச் சுற்றிச் சிறு தூண்களையும் செதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு சிறு தூணும் வேறு வேறு சுரம் தருகிறது. தட்டிப் பார்க்க நண்பர் கை நீட்டுவார், தடுத்துவிடுங்கள். கல்லும் தேயும். மூன்றாவது தாமிர சபை. சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருவாலங்காட்டில் ரத்தினம், இங்கே தாமிரம், குற்றாலத்தில் சித்திரம் என்று நடராசரின் ஐந்து சபைகளில் இரண்டு எங்கள் சீமையில் இருக்கின்றன. சபைக்குள் இருக்கிற மரவேலையை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். நான்காவது, சுவாமி கோயிலையும் காந்திமதி அம்மன் கோயிலையும் இணைக்கிற சங்கிலி மண்டபம். 1647-இல் வடமலையப்ப பிள்ளை கட்டியது. அதில் மெதுவாக நடக்க வேண்டும். மாலையில் அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிற ஊர்க்காரர்களைப் பார்த்தாலே கோயில் இந்த ஊருக்கு என்ன என்பது தெரிந்துவிடும். ஆனி மாதம் வந்தவருக்கு அதிர்ஷ்டம்: அவ்வளவு பெரிய தேரை ஊரே கூடி வடம் பிடித்து இழுப்பதைப் பார்க்கலாம்.

கோயிலுக்கு எதிரே கீழ ரத வீதியில் இருட்டுக்கடை. மாலையில்தான் திறப்பார்கள், ஓரிரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். வரிசை நீளமாக இருந்தாலும் நகரும். நூறு கிராம் வாங்கி அங்கேயே நின்று சூடாகச் சாப்பிடச் சொல்லுங்கள். சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்து, அதைத் தெளியவிட்டு, சர்க்கரையும் நெய்யும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டுகிற பண்டம் இது. நன்றாக வந்த அல்வா விரலில் ஒட்டாது. வாயில் வைத்ததும் மெல்ல விடாமல் வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் இறங்கும். ஆற்றுத் தண்ணீர்தான் அந்த ருசிக்குக் காரணம் என்று அல்வா போடுகிறவர்கள் சொல்வார்கள். சாப்பிட்டதும் பக்கத்துக் கடையில் ஒரு கை காராச்சேவோ மிக்சரோ வாங்கிக் கொடுங்கள். அதுதான் இங்குள்ள வழக்கம், திகட்டல் போய்விடும். கடைக்காரரை "அண்ணாச்சி" என்று கூப்பிடவும் நண்பருக்குச் சொல்லிக்கொடுங்கள். "அண்ணாச்சி, சூடா நூறு" என்று ஒரு முறை வெளியூர்க்காரர் வாயிலிருந்து வந்துவிட்டால் கடைக்காரர் முகமே மலர்ந்துவிடும். ஊருக்கு எடுத்துப்போக இன்றைக்கு வாங்க வேண்டாம்.

இரண்டாம் நாள்: ஆறு போகிற திசை

கிழக்கே திருச்செந்தூர் ரோடு. ஏழு மணிக்குக் கிளம்பினால் வெயிலுக்கு முன் கிருஷ்ணாபுரம் வந்துவிடும். பாளையைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான். நாயக்கர் காலத்து வெங்கடாசலபதி கோயில். பெருமாளைச் சேவித்துவிட்டு முன்மண்டபத்துச் சிற்பங்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரே கல்லில் ஆளுயரத்துக்கு நிற்கிற சிலைகள். ராஜகுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிற குறவனைப் பாருங்கள்: விலா எலும்பு எண்ணலாம், மூச்சு வாங்குகிற வயிறு உள்ளே ஒட்டியிருக்கிறது. எதிர்ப்புறம் ராஜகுமாரனைத் தூக்கிப்போகிற குறத்தி. கர்ணன், அர்ஜுனன், பீமனோடு மல்லுக்கு நிற்கிற புருஷாமிருகம், ரதி. நண்பர் போட்டோ எடுக்க அவசரப்பட்டால், முதலில் ஒரே ஒரு சிலையின் கை விரல்களை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். நகக்கண் வரை செதுக்கியிருக்கிறான் சிற்பி. அதைப் பார்த்த பிறகு மற்றவற்றை அவரே நின்று பார்ப்பார்.

அதே ரோட்டில் இன்னும் போனால் ஆதிச்சநல்லூர். ஊரிலிருந்து 24 கிலோமீட்டர். ரோட்டோரத்திலேயே செம்மண்ணும் சரளையுமாக ஒரு மேடு, பரம்பு என்பார்கள். தெரியாதவர் பொட்டல் என்று நினைத்துக் கடந்துவிடுவார். 1876-இல் ஜாகர் என்ற ஜெர்மானியர் இங்கே தோண்டி, கிடைத்தவற்றைப் பெர்லினுக்கு எடுத்துப்போனார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ ஆறேழு வருடம் தோண்டினார். அவர் எடுத்த தங்கப் பட்டம், வெண்கலப் பாத்திரங்கள், இரும்புக் கருவிகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. 2004-இல் மறுபடி தோண்டியபோது தாழிகள் அடுக்கடுக்காக வந்தன. தோண்டிய குழிகளின்மேல் 2023-இல் கண்ணாடி போட்டு, தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்கும்படி வைத்துவிட்டார்கள்.

அந்தக் கண்ணாடிமேல் நின்றால் காலுக்குக் கீழே வாய் அகன்ற செந்நிறத் தாழி. ஒரு ஆள் கால் மடக்கி உட்காரலாம். பக்கத்தில் சின்னச் சின்னக் கலயங்கள். இங்கே நண்பரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "இந்த மேட்டுல ஏன் புதைச்சாங்க?" பிறகு மேட்டின் விளிம்புக்குக் கூட்டிப்போய்க் கீழே காட்டுங்கள். ஆறு, அதை ஒட்டி வயல், வாழை. தண்ணீர் பாய்கிற மண்ணை உயிரோடு இருக்கிறவர்களுக்கு விட்டுவிட்டு, பாயாத மேட்டில் இறந்தவர்களை வைத்திருக்கிறார்கள். மூவாயிரம் வருடத்துக்கு முன்பே இந்த ஆற்றங்கரையில் ஒரு அங்குல நஞ்சையின் மதிப்புத் தெரிந்திருக்கிறது. கூரை இல்லாத இடம் நிறைய. குடையும் தண்ணீரும் கையில் இருக்கட்டும்.

பத்தரை மணிக்குள் ஸ்ரீவைகுண்டம் போய்விடுங்கள். கள்ளபிரான் கோயில் நடை சாத்துமுன் தரிசனம் ஆகிவிடும். குமரகுருபரர் பிறந்த ஊர். நவதிருப்பதி ஒன்பதில் இந்த ஒன்றும், முடிந்தால் நம்மாழ்வார் இருந்த ஆழ்வார்திருநகரிப் புளியமரமும் போதும். பிறகு அணைக்கட்டைக் காட்டுங்கள். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி இது. இதற்கு மேலே மருதூர், சுத்தமல்லி, கன்னடியன், கோடைமேலழகியான் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீரைத் தடுத்து வாய்க்கால்களுக்குத் திருப்புகின்றன. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் அதை நம்பிய குளங்கள், ஒவ்வொரு குளத்துக்கும் அதை நம்பிய ஊர்கள். அணைக்கட்டின்மேல் நின்று இந்தக் கணக்கைச் சொன்னால், திருநெல்வேலி என்ற பெயரில் நெல்லுக்கு ஏன் வேலி வேண்டியிருந்தது என்பது நண்பருக்குப் புரிந்துவிடும்.

திரும்பும்போது காரை அனுப்பிவிட்டு ரயிலில் ஏறுவது என் வழக்கம். திருச்செந்தூரிலிருந்து வருகிற பாசஞ்சர் ஸ்ரீவைகுண்டத்தில் நிற்கும். புறப்படும் நேரத்தை முதல் நாளே பார்த்துவையுங்கள், வண்டி குறைவு. அந்த ஸ்டேஷனிலேயே சொல்ல ஒரு கதை உண்டு. 2023 டிசம்பர் 17 இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் வெள்ளத்தால் இங்கே நின்றுபோனது. சுமார் 800 பயணிகள். தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப் போயிருந்தது. எந்தப் பக்கமும் போக வழியில்லை. பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள், தங்கள் வீடும் தண்ணீரில் இருக்கும்போதே, கையில் இருந்த அரிசியைப் போட்டு அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். என்னிடம் வந்த நண்பர்களில் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு ரயில் கிளம்பும்வரை பேசவே இல்லை. வண்டி ஜங்ஷனை நெருங்கும்போது தாமிரபரணிப் பாலத்தைக் கடக்கும். அப்போது வாசலோரம் நிற்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள்.

திருச்செந்தூருக்குப் போயே ஆக வேண்டும் என்று வேண்டுதல் உள்ளவர்கள் அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குவதே நல்லது. கூட்ட நாளில் வரிசையிலேயே அரை நாள் போய்விடும்.

மூன்றாம் நாள்: ஆறு வருகிற திசை

மேற்கே அம்பை ரோடு. முதல் நிறுத்தம் பத்தமடை. சுவாமி சிவானந்தர் பிறந்த ஊர்; ஊர் பெயர் வெளியே தெரிந்தது பாயால். 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாய் முடைவது பெரும்பாலும் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். ஆற்றோரத்துக் கோரையை வெட்டிக் காயவைத்து, தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மெல்லிய இழையாகக் கீறி எடுக்கிறார்கள். தரையோடு தரையாக இருக்கிற தறியில் பருத்தி நூல் பாவு. குறுக்கே கோரை ஊடு. சாதாரணப் பாய்க்கும் பட்டுப்பாய்க்கும் வித்தியாசம் பாவு நூலின் நெருக்கத்திலும் கோரை இழையின் மெலிவிலும் இருக்கிறது. பட்டுப்பாயைக் கையில் எடுத்தால் துணி மாதிரி மடியும். ஒரு பாய் முடிய வாரக்கணக்கில் ஆகும். விலை கேட்டதும் நண்பர் தயங்கினால், தறியில் ஒரு விரற்கடை வளர எவ்வளவு நேரமாகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். பேரம் பேச மனம் வராது. வீட்டுக்குள் நுழையுமுன் கேட்டுவிட்டு நுழையுங்கள். கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள்.

சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று ரோடு போகும். வழியில் காருகுறிச்சி, நாதஸ்வரம் அருணாசலம் ஊர். காரில் அவர் வாசிப்பை ஒலிக்கவிட்டுக்கொண்டு அந்த வயல்களைக் கடந்தால் வேறு விளக்கம் வேண்டாம். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்கிக்கொள்ளுங்கள். காரில் போகாதவர்களுக்கு நான் ரயிலையே சொல்வேன். நெல்லையிலிருந்து செங்கோட்டை போகிற பாசஞ்சரில் இடப்பக்கம் ஜன்னலோரம் உட்கார வையுங்கள். மலை கூடவே வரும். கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே ரயில் ஆற்றைக் கடக்கும். தண்ணீர் அங்கே வேறு நிறத்தில் இருக்கும்.

பாபநாசம் மலையடிவாரம். ஆறு மலையை விட்டு இறங்கிச் சமவெளிக்கு வருகிற இடம். கோயில் படித்துறையில் பொரி போட்டால் முழங்கை நீள மீன்கள் கூட்டமாக மேலே வரும். இன்னும் மேலே வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் அகஸ்தியர் அருவி. வருடம் முழுக்கத் தண்ணீர் விழுகிற அருவி. குற்றாலத்தில் பாறை காய்ந்து கிடக்கிற மாதத்திலும் இங்கே குளிக்கலாம். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் போகிறோம் என்பதை நினைவில் வையுங்கள். பிளாஸ்டிக் பை, பாட்டில், மது எதுவும் கூடாது, சாவடியில் பார்ப்பார்கள். மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். குரங்குகள் கையில் இருப்பதைப் பிடுங்கும்.

குளியலைப் பற்றிச் சில வார்த்தை. சோப்பு, ஷாம்பூ, எண்ணெய் வேண்டாம். பாபநாசத்தில் பரிகாரம் என்று சொல்லிக் கட்டியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தத் துணி டன்கணக்கில் சேர்ந்து பாறை இடுக்கில் சிக்கி, மீனையும் குளிக்கிறவர்கள் காலையும் பிடிக்கிறது. யாராவது நண்பரிடம் அப்படிச் செய்யச் சொன்னால் தடுத்துவிடுங்கள். படித்துறையை விட்டு விலகிப் போகாதீர்கள். தண்ணீர் அமைதியாகத் தெரிகிற இடத்தில்தான் ஆழமும் சுழலும். மேலே அணை இருக்கிறது. தண்ணீர் திறந்தால் கண் மூடித் திறப்பதற்குள் மட்டம் ஏறும். "இங்ஙன இறங்கலாமா?" என்று துவைத்துக்கொண்டிருக்கிற ஒரு அக்காவிடம் கேட்டுவிட்டு இறங்குவதை விட நல்ல பாதுகாப்பு கிடையாது.

மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவது உத்தமம். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் கட்டுச்சோற்றுக்கு ஏற்றவை. குளித்துவிட்டு வருகிற பசிக்கு அதுதான் நிற்கும். வாழையிலையைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

சாரலும் பறவையும்

ஆனி, ஆடியில் வந்த நண்பருக்கு மூன்றாம் நாள் குற்றாலம். குற்றாலத்திலிருந்து வருகிற சிற்றாறும் சீவலப்பேரியில் தாமிரபரணியோடுதான் சேர்கிறது. ஆகவே நாம் ஆற்றை விட்டு விலகவில்லை. சனி, ஞாயிறு போகாதீர்கள். வார நாளில் விடியற்காலையிலோ இரவு நேரத்திலோ பேரருவிக்குப் போனால் தலையில் தண்ணீர் விழுகிற சுகம் தெரியும். சித்திர சபையை விட்டுவிடாதீர்கள். கூட்டமெல்லாம் அருவியில் இருக்கும், ஓவியங்கள் நமக்காகக் காத்திருக்கும். போலீஸ் குளிக்கத் தடை போட்டால் வாதாடாதீர்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனது. கீழே வெயிலடித்தாலும் மலைமேல் மழை பெய்துகொண்டிருக்கலாம்.

தை, மாசியில் வந்தவருக்குக் கூந்தன்குளம். நாங்குநேரிப் பக்கம், ஊரிலிருந்து 38 கிலோமீட்டர். விடியுமுன் போய்ச் சேர வேண்டும். குளத்தில் செங்கால் நாரை, கூழைக்கடா, சில வருடம் பூநாரை. குளத்தை விட ஊருக்குள் நடப்பதுதான் எனக்குப் பிடிக்கும். வீட்டு முற்றத்து மரங்களிலேயே கூடு கட்டியிருக்கும். எச்சம் தெருவெல்லாம் விழும். யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். பறவைகள் மிரளும் என்று அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. உரக்கப் பேச வேண்டாம் என்று குழந்தைகளிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள்.

ஊருக்கு அனுப்பும்போது

கடைசி நாள் மாலை ரயில் என்றால் நான்கு மணிக்கு டவுணில் இருங்கள். அல்வாவை இன்றைக்குத்தான் வாங்க வேண்டும். முதல் நாள் வாங்கிப் பையில் மூன்று நாள் சுமந்தால் நெய் உறைந்து இறுகிவிடும். குளிர்பெட்டியில் வைக்க வேண்டாம், சாப்பிடுமுன் லேசாகச் சூடுபண்ணிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்புங்கள். பாயை மடிக்காமல் சுருட்டிக் கட்டினால் ரயிலில் மேல் படுக்கையில் சுவரோரம் நிற்கும். கருப்பட்டி வாங்கினால் ஒன்றை உடைத்து நாக்கில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். சர்க்கரை கலந்தது பளபளவென்று இருக்கும், நல்ல கருப்பட்டி உடைத்த இடத்தில் மங்கலாகவும் லேசான கரிப்போடும் இருக்கும்.

ஒரு சின்னப் பாட்டிலில் ஆற்றுத் தண்ணீரும் கேட்பார்கள் சிலர். ஊருக்குள் பிடிக்காதீர்கள். பாபநாசத்தில் குளிக்கும்போதே, நீரோட்டமுள்ள இடத்தில் பிடித்து மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு இட்லியில் நல்லெண்ணெயும் எள்ளு மிளகாய்ப்பொடியும் தடவி, வாழையிலையில் கட்டிக் கொடுங்கள். எட்டு இட்லி. எதிர் இருக்கைக்காரரும் கேட்பார்.